பாதத்துப் பெயிண்ட் எங்கே போகிறது?

சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற பஸ்களுக்குத் திண்டிவனத்தின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. ஏறும்போது கேட்டால், "திண்டிவனம் போவும், ஏறு சார்" என்கிறார் கண்டக்டர். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகுதான், ஊருக்குள் போகாது, ஊருக்குப் பக்கத்தில் போகும் என்பது தெரிகிறது. என்னையும் என் இரண்டு பெட்டிகளையும் பைபாஸ் ரோட்டில், உச்சி வெயிலில், ஒரு பஞ்சர் கடைக்கு எதிரே இறக்கிவிட்டார்கள்.

ஷார்ஜாவில் பஸ் நிற்கும் இடத்தில் பலகை இருக்கும், பஸ் அங்கேயேதான் நிற்கும். இதைப் பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னேன். "அப்ப அங்கியே இருந்திருக்கலாமே சார்" என்றார். நியாயமான பேச்சு. அதற்குமேல் அன்று சாயங்காலம் வரை நான் எதையும் எதோடும் ஒப்பிடவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். பெண் எடுத்தது ஒலக்கூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பிழைப்பு ஷார்ஜாவில், ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரச் சோதனை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் மனைவி ரீட்டா வரவில்லை, என்னை மட்டும் அனுப்பினாள். அவள் தம்பி அந்தோணியின் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை நான்காம் மாதத்தைத் தாண்டாமல் கலைந்துபோயிருந்தது. மூன்றாவது இது.

"போயி பாத்துட்டு வாங்க. அது ஏற்கெனவே பயந்துகினு இருக்குது. உங்க கெமிஸ்ட்ரி பாடத்த அங்க எடுக்காதீங்க. வாய மூடிகினு சாப்டுட்டு வாங்க" என்பது ரீட்டாவின் உத்தரவு. பதினான்கு வருஷ தாம்பத்தியத்தில் நான் மீறிய முதல் உத்தரவும் இதுதான்.

அந்தோணி பெயிண்டர். ஊரில் நிறம் என்று எது இருந்தாலும் அது அவன் கைவேலை. கோயில் கதவு, பள்ளிக்கூட ஜன்னல், ரோட்டோர ஒயின்ஷாப்பின் மஞ்சள் கேட்டு, எல்லாம் அவன்தான். நான் போனபோது மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குடிதண்ணீர்க் குடம். குடத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பான பாட்டிலில் தின்னர். எங்கள் தொழிற்சாலையில் தின்னர் வைத்த அறைக்குள் நுழையவே நான்கு மொழியில் எச்சரிக்கைப் பலகை உண்டு. இங்கே அடையாளத்துக்கு மூடியில் ஒரு நூல் கட்டியிருந்தார்கள்.

"தவக்காலம், மாமா. ஈஸ்டர் வரிக்கும் கறி எடுக்க முடியாது. இருக்கறத சாப்டு" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, முட்டை, முருங்கைக்கீரை, அரைத்த மல்லாட்டைத் துவையல் என்று அடுக்கினான். எங்கள் ஊரில் கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். பெயர் பெரிதாக இருப்பதாலோ என்னவோ ருசியும் கூடுதல். இது இவ்வளவு என்றால் பண்டிகைக் காலத்தில் மாப்பிள்ளைகள் உயிரோடு திரும்புவார்களா என்பது சந்தேகம்.

ஸ்டெல்லாவுக்குச் சோற்று வாசனையே ஆகவில்லை. அந்தோணி களியை உருட்டி, குழம்பில் தொட்டு, ஒவ்வொரு கவளமாக அவளுக்கு ஊட்டினான். முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவன் நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட் இருந்ததையும் பார்த்தேன். ரீட்டாவின் உத்தரவு ஞாபகம் வந்தது. இன்னொரு கவளம் களியை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா கோயிலுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். தவக்காலத்தில் அந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம். பீடத்துக்கு மேலே இருக்கும் பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் சிலையை, கீழே இறக்கி, எல்லோருக்கும் வாய் எட்டும் உயரத்தில் நிறுத்துவார்கள். பழைய மரச் சுரூபம், ஓர் ஆள் உயரம். ஊர் மொத்தமும் போகிறபோதும் வருகிறபோதும் அதன் பாதத்தில் முத்தமிடும்; முத்தி செய்வது என்பார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று ஸ்டெல்லா நேர்ந்துகொண்டிருந்தாள்: நாற்பது நாளும், காலையும் மாலையும், மூன்று மூன்று முத்தி.

உபதேசியார் வரவேற்றார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற சின்னக் கோயில் அது. மற்ற ஆறு நாளும் மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, ஊரை அதட்டுவது எல்லாம் இவர் பொறுப்பு.

"பாருங்க சார் இந்தப் பாதத்த. மொகம், கை, விலா எல்லாம் பெயிண்ட் அப்டியே இருக்கும். பாதம் மட்டும் வருஷா வருஷம் கட்ட தெரியற அளவுக்குத் தேஞ்சிபூடும். நம்ம அந்தோணி, தவக்காலம் தொடங்கற சாம்பல் புதனுக்கு மொத நாளு காணிக்கையா பெயிண்ட் அடிச்சிக் குடுத்துடுவான். ஈஸ்டருக்குள்ள மறுபடியும் தேஞ்சிடும். இந்த ஜில்லாவுல வேற எங்கியும் இப்டி கெடையாது. அம்மாம் பக்தி."

"தேய்ந்த பெயிண்ட் எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? ஆண்டவரு எடுத்துக்கறாரு."

ஸ்டெல்லா குனிந்து முத்தி செய்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்து நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

பெயிண்டில் காரீயம் கலப்பது பழைய பழக்கம். நிறம் பளிச்சென்று நிற்கும், சீக்கிரம் காயும், மழைக்கு அசையாது. உடம்புக்குள் போனால் எலும்பில் உட்கார்ந்துகொண்டு கிளம்பாது. குழந்தைகளுக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைகளுக்கும் எமன். அது இல்லாமலும் நல்ல பெயிண்ட் செய்ய முடியும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பாவுக்குப் போகிற டின்னில் காரீயம் இல்லை என்று பார்த்து அனுப்புவது என் வேலை. மற்ற நாடுகளுக்குப் போகிற டின்னைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

மற்றவர்கள் ஊருக்கு வரும்போது தைலமும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். நான் சோதனைக் குச்சி ஒரு டப்பா வைத்திருப்பேன். பென்சில் அளவு இருக்கும். நசுக்கிக் குலுக்கினால் பஞ்சு நுனியில் மஞ்சளாக ஈரம் கசியும். அந்த நுனியைப் பெயிண்டில் அரை நிமிடம் தேய்த்தால் போதும். காரீயம் இருந்தால் சிவக்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். ரீட்டா என் வாயைத்தான் கட்டிப்போட்டிருந்தாள், கையை அல்ல. ஸ்டெல்லா வெளியே போனதும் ஒரு குச்சியை எடுத்துச் சுரூபத்தின் கால் விரலில் தேய்த்தேன். சிவப்புப் பூசிய காயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, வெளிர்நிறத்தில் இருந்த பெருவிரலில் தேய்த்தேன்.

குச்சி சிவந்தது. லேசாக இல்லை, நன்றாகவே சிவந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். உபதேசியார் முழங்காலில் விழுந்திருந்தார்.

"ஆண்டவரே! ரத்தம்!"

"ஐயோ, இல்லைங்க. இது காரீயம்..."

"வெள்ள வெரலு சார்! நீங்க வெள்ள வெரல்ல தேச்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன்! பஞ்சி செவந்துச்சி!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடிப்போய் மணியைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஊரில் மணி அகாலத்தில் அடித்தால் சாவு அல்லது தீ. மல்லாட்டைக் கொல்லையில் இருந்தவர்கள் களைக்கொட்டோடு வந்தார்கள். கால் மணி நேரத்தில் கோயில் நிறைந்துவிட்டது. நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர்கள் முத்தி செய்துகொண்டே இருந்தார்கள். வழக்கமாக ஒரு முத்தி கொடுப்பவர்கள் அன்று ஐந்து கொடுத்தார்கள்.

அந்தோணியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான். "பதினஞ்சி வருஷமா இதுலயே கைய வச்சிகினு இருக்கறேன் மாமா. எனக்கு இன்னா ஆச்சி? வயித்து வலிதான் அப்பப்ப. அது யாருக்கு இல்ல?" ஸ்டெல்லாவிடம் சொல்லலாமா என்று கேட்டதற்குச் சிரிப்பு நின்றது. "வாணாம். அது இந்த நேர்ச்சையப் புடிச்சிகினுதான் தூங்குது."

சரி, காரீயம் இல்லாத பெயிண்டை வாங்கி வந்து ராத்திரிக்குள் பூசச் சொல்லிவிடுவோம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று மறுநாள் கிளம்பினேன். திண்டிவனத்தில் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் கிடைக்கும் என்றார்கள். நம் நாட்டில் எந்தச் சாமானும் அடுத்த ஊரில் கிடைக்கும்.

விழுப்புரத்தில் முதல் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஈயம் இல்லாததா? ஈயச் சொம்புல ரசம் வச்சிதான சார் எங்கம்மா எங்கள வளத்துது?" அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு என்றேன். "எல்லாம் ஒரே குடும்பந்தான் சார்" என்றார். இரண்டாவது கடையில் பச்சை இலை படம் போட்ட டின்னைக் காட்டி, "இது இயற்கை பெயிண்ட்" என்றார்கள். மூடியின் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்த பெயிண்டில் ஒரு குச்சியைத் தேய்த்தேன். சிவந்தது. இலை மட்டும்தான் இயற்கை.

மூன்றாவது கடைக்காரர் உள்ளே போய் ஒரு டின்னைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்தார். "ஃபாரின் சரக்கு சார். கண்ண மூடிகினு வாங்கலாம்." பார்த்தேன். எங்கள் கம்பெனி டின். அதில் நான் குச்சியைத் தேய்க்கவில்லை.

நான்காவது கடையில் கிடைத்தது. குச்சியின் மஞ்சள் மாறவில்லை. ஆனால் குழந்தைகள் அறைக்கென்று வந்த சரக்கு, இரண்டே நிறம். "ரோஸு இருக்குது, ஆகாய ப்ளூ இருக்குது. உங்களுக்கு ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார். ஆண்டவர் பாதத்துக்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

திண்டிவனத்தில் அந்தோணியின் ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் இடமில்லை. என்றைக்கும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டி அது. டிரைவர் தன் சீட்டிலேயே ஓரமாக என்னை ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பின்னால் வானூர்ப் பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர். திருவக்கரைக்குப் போய்க் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வருகிறார்களாம்.

"ரத்தம் வர்தாமே, நெசமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நெசந்தான். துபாய்லேர்ந்து பெரிய டாக்டரு வந்து டெஸ்ட்டு பண்ணிட்டாரு. ஓ பாசிட்டிவாம்" என்றார் டிரைவர்.

"கட்டைலேர்ந்து எப்டி ரத்தம் வரும்?"

"இன்னாக்கா பேசற? திருவக்கரைல மரமே கல்லாயி கெடக்குது, கண்ணால பாத்துட்டு வர்ற. கட்ட ரத்தம் உடாதா?"

நான் துபாய் இல்லை, ஷார்ஜா என்று மட்டும் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். "ரத்தம் சிந்தும் ஆண்டவரைக் கண்டறிந்த எங்கள் ஊர் மாப்பிள்ளையை வருக வருக என வரவேற்கிறோம்." கீழே என் படம். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. கழுத்தில் மாலை, தோளில் ரீட்டாவின் கை மட்டும் மிச்சமிருந்தது. ஒரே நாளில் இந்த ஊரில் ஒரு காரியம் முடிந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் பெருத்தது. வரிசை நின்றது. ஸ்டெல்லாவும் தினமும் வரிசையில் நின்றாள். நிறைமாதக்காரி மாதிரி இருக்கிறாள் என்று எல்லோரும் அவளுக்கு முன்னால் இடம் விட்டார்கள். அந்த மரியாதையைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

குருத்து ஞாயிறன்று பங்கு ஃபாதர் வந்தார். இளவயசுக்காரர், கல்லூரியில் வேதியியல் படித்தவர். நான் சொன்னதை இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னா நம்பிக்கையக் கெடுக்கறேம்பாங்க. நீங்களே பூசை முடிஞ்சதும் சொல்லிடுங்க" என்று நழுவினார்.

சொன்னேன். அந்தோணியின் பெயிண்ட் டின்னைக் கொண்டுவரச் சொல்லி, காய்ந்த விளிம்பில் எல்லோரும் பார்க்கக் குச்சியைத் தேய்த்தேன். சிவந்தது. "இதிலிருந்து ரத்தம் வருகிறதா?" என்று கேட்டேன்.

"ஆண்டவருக்குப் பூசின டின்னாச்சே. அதுக்கும் சக்தி வந்திருக்கும்" என்றார் உபதேசியார்.

பின்வரிசையிலிருந்து இளந்தாரி ஒருவன் குரல் கொடுத்தான். "அப்ப ஒயின்ஷாப்பு கேட்டுல தேச்சிப் பாத்துடலாமா? அதுவும் அந்தோணி அண்ணன் அடிச்சதுதான்."

விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாருங்கள் என்றேன். கையில் குருத்தோலையோடு ஊரே என் பின்னால் வந்தது. ஓசன்னா பாட்டுக் கூட நிற்கவில்லை. ஒரு பவனியை ஒயின்ஷாப்புக்கு நடத்திப்போன பெருமை கிறிஸ்தவ சரித்திரத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கும். மஞ்சள் கேட்டில் குச்சியைத் தேய்த்தேன். இரண்டு நொடியில் சிவந்தது.

ஓசன்னா பாட்டு நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஆண்டவர் எங்கும் நிறைந்திருக்காருன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுக்கறோமா இல்லியா?" என்றார் உபதேசியார், தழுதழுத்த குரலில்.

உள்ளே பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றிருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் டெய்லி கோயிலுக்குத்தான் வந்துகினு இருந்தேனா?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். நான்கு பேர் கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஃபாதரைத் தேடினேன். அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தேன். டப்பாவில் இரண்டே குச்சி மிச்சம். ஸ்டெல்லா வந்து எதிரில் நின்றாள். ஒயின்ஷாப் வரைக்கும் அவள் வரவில்லை. ஆனால் கோயிலில் நான் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அந்த ஊரில் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"அண்ணா, மறைக்காம சொல்லுங்க. அது ரத்தமா, வெஷமா?"

ரீட்டாவின் உத்தரவு, அந்தோணியின் கெஞ்சல் எல்லாவற்றையும் மீறி, "விஷம்தான்மா" என்றேன்.

"வவுத்துல இருக்கறதுக்கு?"

"நல்லதில்ல."

அவள் அழுவாள், மயங்கி விழுவாள் என்று பயந்தேன். அவள் கையை நீட்டி ஒரு குச்சியை வாங்கிக்கொண்டாள். நான் காட்டியபடி நசுக்கிக் குலுக்கினாள். சோற்றுத் தட்டோடு வந்த அந்தோணியை உட்காரவைத்து, அவன் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் தேய்த்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை. மூன்று பேரும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவந்தது.

"இந்தக் கையாலதான ஊட்டிகினு இருந்த?" என்றாள்.

அந்தோணி தட்டைத் தரையில் வைத்தான். எழுந்து போய், சோப்பை எடுத்து, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"நேர்ச்சைய உட முடியாதே ஸ்டெல்லா" என்றான் திரும்பிப் பார்க்காமல்.

"யாரு உடச் சொன்னா? நான் நேந்துகினது பாதத்துக்கு. பெயிண்டுக்கு இல்ல. சொரண்டிப் போடு."

இரண்டு நாள் விழுப்புரத்துக்கும் கோயிலுக்கும் அலைந்தோம். விழுப்புரத்து டாக்டரம்மா இருவருக்கும் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும் என்றார். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று ஸ்டெல்லாவின் காதிலேயே வைத்துக் கேட்கவிட்டார். "இனிமே படாம பாத்துக்குங்க" என்றார். அதற்குத்தான் அலைகிறோம் என்றேன்.

சுரூபத்தைச் சுரண்ட ஃபாதரிடம் போனில் அனுமதி கேட்டேன். "நான் சரின்னு சொன்னதா சொல்லாதீங்க. வேணாம்னு சொன்னதாவும் சொல்லாதீங்க" என்றார். இவர் கூடிய சீக்கிரம் பிஷப்பாகிவிடுவார்.

பெரிய புதனன்று கோயில் கதவைச் சாத்தினோம். உலர்ந்த பெயிண்டைச் சுரண்டினால் தூசி மூக்கில் ஏறும் என்பதால் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஈர உப்புத்தாளால் அந்தோணி தேய்த்தான். முகத்துக்குத் துணி, கைக்கு உறை. பாதத்தின் மேல்பக்கம் முத்தியில் தேய்ந்து, கட்டைக்கு அதிக தூரமில்லை. கணுக்காலில் அவன் அடித்த அத்தனை வருஷமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது: வெளிர்மஞ்சள், ரோஸ், மாநிறம், மறுபடி வெளிர்மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நொடி கையை நிறுத்திவிட்டு மேலே தேய்த்தான்.

பெயிண்டுக்குப் பதில் என்ன பூசுவது என்பதற்கு வானூர்ப் பக்கம் தேன் விற்கிற ஒருவர் வழி சொன்னார். தேன்மெழுகை உருக்கித் தேங்காயெண்ணெயோடு குழைத்துத் துணியால் தேய்த்தால் மரம் பளபளவென்று ஆகும். அங்கே வந்து குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேஜைக்கு அதைத்தான் பூசுகிறார்களாம். வாயில் போனாலும் தேன்கூட்டை நக்கின கதைதான்.

இதற்குள் வெளியே கூட்டம் கூடிவிட்டது. அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. சுரண்டிய பெயிண்டில் ஆளுக்கு ஒரு பொட்டலம் வேண்டுமாம். "ஜொரம் வந்தா தண்ணில கலக்கிக் குடுப்போம்" என்றார் ஒருவர், மிகவும் பணிவாக. சகதி முழுவதையும் ஒரு டின்னில் போட்டு, சிமெண்டைக் கரைத்து ஊற்றிக் கல்லாக்கிவிட்டேன். பொட்டலமும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று கத்தினேன். மாப்பிள்ளை இவ்வளவு சத்தம் போட்டு அவர்கள் பார்த்ததில்லை. கலைந்து போனார்கள்.

பெரிய வெள்ளி. மூன்று மணிச் சடங்கு முடிந்து, சிலுவை முத்திக்கு வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. சுரூபம் தலையிலிருந்து கணுக்கால் வரை பளிச்சென்ற பெயிண்டிலும், கணுக்காலுக்குக் கீழே கரும்பழுப்பு மரத்திலும் நின்றது. அந்தோணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பாதத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முத்திக்கும் பிறகு துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லாவின் முறை வந்ததும் அவன் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். கடைசிக் குச்சியை எடுத்துப் பெருவிரலில் தேய்த்தேன். அரை நிமிடம். உபதேசியார் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஊரே எட்டிப் பார்த்தது. குச்சி மஞ்சளாகவே இருந்தது.

"ரத்தம் நின்னுபூட்ச்சி" என்று யாரோ சொன்னார்கள். அது வரிசை வழியாக ரோடு வரைக்கும் போயிற்று. ஒரு பெரிய பெருமூச்சு திரும்பி வந்தது. "அந்தத் துபாய்க்காரன் வந்து சொரண்டிப்புட்டான்" என்று ஒரு குரல். ஷேர் ஆட்டோ டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்து, தன் கணவனைப் பார்க்காமல் சுரூபத்தின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

அந்தோணி துடைக்கவில்லை. துணி கையிலேயே இருந்தது. அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். அவன் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"மாமா, முன்ன போன ரெண்டும்... அதுங்களும் இதனாலதானா?"

எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்லுகிற குச்சியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. அவன் எத்தனை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தானோ, விரல்நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"சேச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடா" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றியா மாமா?"

"நெசமாத்தான். இது என் வேலை. எனக்குத் தெரியாதா?" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பாதத்தைத் துடைத்தான்.